அடர்த்தி அளப்பது எப்படி? சேலத்து ஆய்வக மேசையில் அடிக்கடி எழும் கேள்விகள்

கல்லூரி பிராக்டிக்கலுக்கு வரும் பிள்ளைகள், மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட் தாது) மாதிரி கொண்டுவருபவர்கள், ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்ப்பவர்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக் கடைக்காரர்கள் என்று சேலத்தில் அடர்த்தி பற்றிக் கேட்காத ஆளே இல்லை. கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலிலும் ஒரு விஷயம் வந்துகொண்டே இருக்கும்: வெப்பநிலை எழுதாத அடர்த்தி எண்ணை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. இதில் கேட்க என்ன இருக்கிறது?

வாய்ப்பாடு அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. நிறையை நாலு தசமத் தராசு எந்தப் பிரச்சினையும் இல்லாமல் சொல்லிவிடும். கன அளவு அப்படி இல்லை. 100 மி.லி. மெஷரிங் சிலிண்டரில், நல்ல ரகமாக இருந்தாலும் அரை மி.லி. வரை விலகல் அனுமதிக்கப்பட்டது, சாதா ரகத்தில் 1 மி.லி. அப்புறம் கண் மட்டம், பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடி, சுவரில் ஒட்டிய துளி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். அடர்த்தி அளக்கும் நல்ல முறைகள் எல்லாமே, கன அளவைக் கண்ணால் படிக்காமல் தராசை வைத்தே கண்டுபிடிக்கும் முறைகள்தான் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சின்ன வித்தியாசங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இயற்பியலாளர் ராலேயின் கதையைச் சொல்வேன். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட சுமார் 200இல் ஒரு பங்கு கனமாக இருப்பதை அவர் கவனித்தார். வேறு ஒருவராக இருந்தால் சராசரி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்துகொள்ள, 1894இல் ஆர்கான் என்ற புது வாயு வெளியே வந்தது. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு, ஒருவருக்கு இயற்பியலில், இன்னொருவருக்கு வேதியியலில்.

புத்தகத்தில் எத்தனால் 0.789 என்று போட்டிருக்கிறது. எனக்கு 0.781 வருகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பே இல்லை. புத்தகத்து எண் 20 டிகிரிக்கு உரியது. நம் ஆய்வகம் 30 டிகிரியில் இருக்கும், ஏப்ரல் மே மதியத்தில் அதற்கும் மேலே போகும். எத்தனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.00085 குறையும், பத்து டிகிரிக்கு 0.0085. 0.789இல் கழித்துப் பாருங்கள், நீங்கள் அளந்தது சரியாக வந்து உட்காரும். புத்தகத்து எண் வரவில்லையே என்று அளவைத் திருத்தி எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் சரியான விடையை அழித்துவிட்டுத் தவறானதை எழுதுகிறார்கள்.

தண்ணீருக்கும் இதே கதைதான், அளவு மட்டும் குறைவு: 20 டிகிரியில் 0.9982, 25இல் 0.9970, 30இல் 0.9957, 35இல் 0.9940. தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்துக்கொண்டால் போதும் என்பது 4 டிகிரித் தண்ணீருக்குப் பொருந்தும், நம் ஊர்க் குழாயில் அப்படித் தண்ணீர் வராது.

மாறாக 20 டிகிரியிலேயே உங்களுக்கு 0.81 பக்கம் வருகிறது என்றால், பாட்டிலில் இருப்பது சுத்த எத்தனால் இல்லை, ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டாக இருக்கும். அதில் தண்ணீர் இருக்கிறது. முதலில் லேபிளைப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் 20 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் அளக்க வேண்டுமா?

வேண்டாம். எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்பதை நேர்மையாக எழுதினால் போதும், ஒப்பிடும்போது அதே வெப்பநிலைக்கான அட்டவணை எண்ணோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் 20 டிகிரித் தொட்டியில், அடர்த்தி அளக்கும் பாட்டிலை வைப்பதில் வேறு ஒரு தொல்லையும் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்தவுடன் கண்ணாடி மேல் பனித்துளி படியும். தராசில் எண் ஏறிக்கொண்டே போகிறதே, தராசு கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். ஏறுவது பனித்துளியின் நிறை. அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில், 27 அல்லது 30 என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் பாட்டிலைக் கழுத்துவரை இருபது நிமிடம் வைத்து எடுத்தால் பாதிச் சிக்கல் போய்விடும்.

எஸ்.ஜி. பாட்டிலில் அளப்பதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

எஸ்.ஜி. பாட்டில் என்பது ஒப்படர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) அளக்கும் கண்ணாடிப் பாட்டில், அதன் மூடியில் ஒரு நுண்துளை இருக்கும். 25 மி.லி. பாட்டில் என்று எடுத்துக்கொள்வோம். பாட்டிலிலும் மூடியிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடி மாறினால் கன அளவு மாறும், பத்து பேர் ஒன்றாகக் கழுவும் ஆய்வகத்தில் மூடி மாறுவது மிகச் சாதாரணம். கழுவி, கடைசியில் கொஞ்சம் அசிட்டோன் விட்டு அலசி, காற்றில் உலர்த்துங்கள். சூடான அடுப்பில் வைத்துக் காயவைக்காதீர்கள், அளவுக் கண்ணாடிக்கு அது நல்லதில்லை.

காலிப் பாட்டிலை மூடியோடு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காய்ச்சி ஆறவைத்த வடிநீரை (டிஸ்டில்டு வாட்டரை) கழுத்துவரை நிரப்பி, தொட்டியில் வைத்து, வெப்பநிலை நின்ற பிறகு மூடியை மெதுவாக இறக்குங்கள். மிகுதி நுண்துளை வழியே மேலே வரும், அதைத் துடைத்துவிடுங்கள். துடைக்கும்போது டிஷ்யூவை நுண்துளையின் வாயில் அழுத்தி வைத்தால் உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடும், மேலோட்டமாக ஒரு இழுப்பு போதும். பாட்டிலை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், கைச்சூட்டில் திரவம் விரிந்து துளை வழியே வெளியேறிவிடும், கழுத்தை இரண்டு விரலால் பிடியுங்கள். வெளிப்புறம் துடைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டி, உலர்த்தி, அதே வெப்பநிலையில் உங்கள் திரவத்தை வைத்து இதையே செய்யுங்கள்.

ஏசி போட்ட தராசு அறை பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 30 டிகிரியில் நிரப்பி மூடிய பாட்டில் 24 டிகிரி அறைக்குள் போனால் துளையில் திரவ மட்டம் கீழே இறங்கும், பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் நிறை மாறவில்லை. நீங்கள் எழுத வேண்டியது நிரப்பிய வெப்பநிலை, அதாவது 30. ஏசி அறையில் நிரப்பி வெளியே கொண்டுவருவதுதான் கூடாது, வழியிலேயே துளை வழியாகக் கசிந்துவிடும்.

கணக்கை ஒரு உதாரணத்தோடு காட்ட முடியுமா?

காட்டலாம். காலிப் பாட்டில் 18.432 கிராம். 30 டிகிரித் தண்ணீரோடு 43.297. அப்படியானால் தண்ணீர் 24.865 கிராம். அதை 0.99565 ஆல் வகுத்தால் பாட்டிலின் உண்மையான கன அளவு 24.974 மி.லி. பாட்டிலின் மேல் 25 என்று எழுதியிருப்பதைக் கணக்கில் போடாதீர்கள், அது பெயருக்குத்தான். இப்போது எத்தனாலோடு 37.930 கிராம் என்றால் எத்தனால் 19.498 கிராம், 24.974 ஆல் வகுத்தால் 0.7807 கிராம்/மி.லி., 30 டிகிரியில். 30 டிகிரி என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முடிந்தது.

ஒப்படர்த்தியும் அடர்த்தியும் ஒன்றுதானா?

இல்லை. மேலே உள்ள கணக்கில் 19.498ஐ 24.865 ஆல் வகுத்தால் 0.7842. அது ஒப்படர்த்தி, அலகு கிடையாது. அதைத் தண்ணீரின் அந்த வெப்பநிலை அடர்த்தியால் பெருக்கினால்தான் அடர்த்தி. 4 டிகிரித் தண்ணீரோடு ஒப்பிட்டால் மட்டும் இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக வரும்.

போர் தண்ணீரை வைத்தே பாட்டிலை அளவுத்திருத்தம் செய்யலாமா?

கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலே அடர்த்தி மூன்றாவது தசமத்தில் கிட்டத்தட்ட ஒன்று ஏறிவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மூன்று தசமத்துக்குத் தாராளமாகப் போதும்.

மேக்னசைட் கல்லின் அடர்த்தியை எப்படி அளப்பது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைத்த ஊர் நம்முடையது, அந்த வெள்ளைக்கல்லை அளக்கத் தெரியாமல் இருக்கலாமா?

கட்டியாக இருந்தால் ஆர்க்கிமிடிஸ் வழி. கல்லை மெல்லிய நூலில் கட்டித் தராசின் கொக்கியில் தொங்கவிட்டு முதலில் காற்றில், பிறகு பீக்கர் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு நிறுங்கள். காற்றில் 62.4 கிராம், தண்ணீரில் 41.5 என்றால் குறைந்த அளவு 20.9 கிராம். அதுதான் கல் ஒதுக்கிய தண்ணீரின் நிறை. 30 டிகிரியில் அதன் கன அளவு 20.99 மி.லி., ஆக அடர்த்தி 2.97. கல் பீக்கரின் அடியையோ சுவரையோ தொடக் கூடாது, மேலே குமிழி ஒட்டியிருக்கக் கூடாது.

பொடியாக இருந்தால் எஸ்.ஜி. பாட்டிலே போதும். அதே பாட்டிலில் 5.000 கிராம் உலர்ந்த பொடியைப் போடுங்கள், 23.432 ஆகும். தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி, மூடி நிறுத்தால் 46.626 வருகிறது என்று வையுங்கள். பொடியோடு உள்ளே போன தண்ணீர் 23.194, பொடி இல்லாமல் 24.865. வித்தியாசம் 1.671 கிராம், 1.678 மி.லி. ஐந்தை அதனால் வகுத்தால் 2.98.

காற்றை வெளியேற்றுவதில்தான் எல்லாமே இருக்கிறது. பொடிக்கு நடுவில் சிக்கிய காற்று கன அளவைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி 2.7, 2.8 என்று இறங்கிவிடும். முதலில் பாதிவரை மட்டும் தண்ணீர் விட்டு, வெற்றிட டெசிகேட்டரில் (பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய கலத்தில்) குமிழி நிற்கும்வரை வைத்து, அப்புறம் மீதியை நிரப்புங்கள். பம்ப் இல்லாத ஆய்வகத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கலாம், ஆனால் மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் மூட வேண்டும்.

சுத்த மேக்னசைட் 3.0 பக்கம் நிற்கும். கூடவே வரும் சிலிக்கா 2.65க்குக் கீழே, சிதையாத டியூனைட் பாறை 3.2க்கு மேலே. அதனால் அடர்த்தி ஒரு துப்பு கொடுக்கும். ஆனால் கனமான ஒன்றும் இலேசான ஒன்றும் கலந்து சராசரியாக 3.0 காட்டலாம் என்பதால், அடர்த்தி சரியாக இருக்கிறது என்று மட்டும் வைத்துத் தரச் சான்று கொடுத்துவிட முடியாது. சூளையில் நன்றாகச் சுட்ட பிறகு மெக்னீசியம் ஆக்சைடாகி அடர்த்தி 3.58ஐ நோக்கிப் போகும், துகளுக்குள் துளை மிச்சமிருக்கும் அளவுக்கு அதற்குக் கீழே நிற்கும். எவ்வளவு நன்றாகச் சுட்டிருக்கிறார்கள் என்பதை அங்கே அடர்த்தியே நேராகச் சொல்லும்.

உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்துவிடுமே?

கரைக்காத திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், டொலுயின் அல்லது மண்ணெண்ணெய். முதலில் அந்தத் திரவத்தின் அடர்த்தியை அதே பாட்டிலில் கண்டுபிடித்துவிட்டு, கணக்கில் 0.99565 வரும் இடத்தில் அதைப் போடுங்கள். சாப்பாட்டு உப்புக்கு 2.16 வர வேண்டும்.

மரவள்ளி மாவை சிலிண்டரில் கொட்டி அளந்தால் 0.6க்குப் பக்கத்தில் வருகிறது, புத்தகத்தில் 1.5 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு. துகளுக்கு மட்டும் உரிய அடர்த்தி 1.5. துகள்களுக்கு நடுவில் உள்ள காற்றையும் சேர்த்து எண்ணினால் வருவது கொட்டளவு அடர்த்தி. சிலிண்டரை மேசையில் தட்டினால் அது ஏறும், அதனால் தட்டாமல் அளந்தீர்களா, எத்தனை தட்டு தட்டினீர்கள் என்று எழுத வேண்டும். மூட்டைக்கும் லாரிக்கும் கணக்குப் போடுபவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான்.

ஹைட்ரோமீட்டரில் போமே என்று ஒரு அளவு இருக்கிறது. அதை எப்படி அடர்த்தியாக மாற்றுவது?

ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி படிக்கும் கருவி. போமே என்பவர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்தாளர், அவர் வகுத்த அளவுகோல் அது. தண்ணீரைவிடக் கனமான திரவமானால் 145இலிருந்து போமே எண்ணைக் கழித்து, வருவதால் 145ஐ வகுங்கள். 20 போமே என்றால் 145ஐ 125 ஆல் வகுத்து 1.16. மாவுப்பால், காஸ்டிக் சோடாக் கரைசல் போன்றவற்றை இன்னும் இந்த அளவில்தான் பல இடங்களில் பேசுகிறார்கள். தண்ணீரைவிட இலேசான திரவங்களுக்கு வேறு போமே, அதில் தண்ணீரே 10. இரண்டையும் குழப்பாதீர்கள். மாவுப்பாலில் இன்னொன்று, நிற்கவிட்டால் மாவு அடியில் இறங்கிவிடும், கலக்கிய உடனே படிக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டரின் தண்டில் எந்த வெப்பநிலைக்கு அளவிட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும், 15.6, 20, 27 என்று ஏதாவது ஒன்று. பேட்டரி அமிலத்துக்குத் திருத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007. 37 டிகிரியில் 1.240 காட்டினால் 27 டிகிரிக்கு அது 1.247. மே மாதத்தில் பேட்டரி சார்ஜ் குறைவு என்று சொல்வதற்கு முன் இந்தக் கூட்டலைச் செய்துவிடுங்கள்.

அடர்த்தியை வைத்து ஒரு கரைசலின் செறிவைச் சொல்லிவிடலாமா?

பல நேரம் சொல்லலாம், சில இடத்தில் மாட்டிக்கொள்வோம். அசிட்டிக் அமிலம்தான் நல்ல எடுத்துக்காட்டு. தண்ணீரோடு சேரச் சேர அதன் அடர்த்தி ஏறி, 78 சதவீதம் பக்கம் 1.07 என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. 50 சதவீதக் கரைசலும் ஏறத்தாழ 97 சதவீதக் கரைசலும் 20 டிகிரியில் ஒரே 1.057 காட்டும். சல்ஃபூரிக் அமிலமும் 98 சதவீதம் அருகே உச்சம் தொட்டு 100க்குப் போகும்போது கொஞ்சம் இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில் டைட்ரேஷன் (வேதிவினை மூலம் செறிவு காணும் முறை) செய்யாமல் முடிவு சொல்லாதீர்கள்.

சராசரிக் கணக்கும் இங்கே உதவாது. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 வராது, 97 மி.லி.க்குப் பக்கத்தில்தான் வரும், மூலக்கூறுகள் நெருங்கி உட்காருகின்றன.

ஏற்காட்டில் அளந்தால் வேறு விடை வருமா?

மலையேறியதற்காகப் பொருளின் அடர்த்தி மாறாது. மாறுவது சுற்றியுள்ளவை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்று கீழே இருப்பதைவிட மெல்லியது, அறையும் குளிர்ச்சி. காற்று பொருளைத் தூக்கிவிடும் விளைவு எத்தனால் கணக்கில் நான்காவது தசமத்தில் இரண்டு அளவுக்குத்தான், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அதில் உள்ள வித்தியாசம் ஐந்தாவது தசமத்துக்குப் போய்விடும். மாணவர் வேலையில் அதை மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது தராசு. மின்னணுத் தராசு உண்மையில் அளப்பது எடையை, அதை நிறையாக மாற்றிக் காட்டுகிறது. கீழே சரிசெய்த தராசை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி மேலே கொண்டுபோனால், ஈர்ப்பு குறைந்ததால் 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். மேலே வைத்து அளவுத்திருத்த எடையால் மறுபடி சரிசெய்யுங்கள். பாட்டில், தண்ணீர், திரவம் மூன்றையும் அங்கேயே நிறுத்திருந்தால் ஒப்படர்த்தியில் இந்தப் பிழை தானே அடிபட்டுப் போகும், ஒவ்வொரு எண்ணும் ஒரே விகிதத்தில் குறைவதால்.

ஏற்காட்டில் அடர்த்தியை வைத்து ஒரு வேலை எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காபிப் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு மூழ்கியதைத் தோலெடுக்க அனுப்புகிறார்கள். விதை சரியாக நிரம்பாத பழம் மேலே வந்துவிடும்.

டிஜிட்டல் கருவி இருக்கும்போது இந்தப் பாட்டில் எல்லாம் எதற்கு?

யு வடிவக் கண்ணாடிக் குழாயை அதிரவைத்து, உள்ளே இருக்கும் திரவத்தின் நிறைக்கு ஏற்ப அதிர்வு மெதுவாவதை வைத்து அடர்த்தி சொல்லும் கருவி அது. 1960களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் ஆன்டன் பார் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்றிரண்டு மி.லி. போதும், வெப்பநிலையை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குழாயில் ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் எண் கெட்டுவிடும் என்பதையும், காற்றும் வடிநீரும் வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பொடிக்கும் கல்லுக்கும் அது உதவாது, அங்கே பாட்டில்தான்.

எத்தனை தசமம் வரை எழுதலாம்?

சிலிண்டரில் அளந்தால் இரண்டு. 10 மி.லி. பிப்பெட்டும் தராசும் என்றால் மூன்றாவது வரை போகலாம், கடைசி எண் ஆடும். பாட்டிலும் வெப்பநிலைத் தொட்டியும் என்றால் மூன்று உறுதி, நான்காவது கவனத்தைப் பொறுத்தது. எத்தனாலில் ஒரு டிகிரி தவறினாலே மூன்றாவது தசமம் போய்விடும் என்று மேலே பார்த்தோம், ஆகவே அரை டிகிரி வரை மட்டும் படிக்கிற வெப்பமானியை வைத்துக்கொண்டு நான்கு தசமம் எழுதுவதில் பொருளில்லை. கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தையும் எழுதி வைப்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: இதே பாட்டிலை மறுபடி நிரப்பி நிறுத்தால் எந்த இலக்கம்வரை திரும்ப வரும்? மூன்று முறை நிரப்பிப் பாருங்கள், விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கிளிசரின் மாதிரி கெட்டியான திரவத்துக்கு?

சுவரோரமாக மெதுவாக ஊற்றி, குமிழி மேலே வரும்வரை காத்திருங்கள், அரை மணி நேரம் ஆனாலும் சரி. 20 டிகிரியில் 1.26 வர வேண்டும். குறைவாக வந்தால் குமிழி, அல்லது பாட்டில் திறந்தே இருந்து காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும்.

ஆபத்தான திரவங்களை அளக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

எந்தத் திரவத்தையும் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்ப் வையுங்கள். எஸ்.ஜி. பாட்டிலில் மிகுதி மேலே வழியும் என்பது முறையிலேயே இருக்கிறது, எனவே அடர் சல்ஃபூரிக் அமிலத்தை அதில் நிரப்பும்போது கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, அடியில் ஒரு தட்டு மூன்றும் வேண்டும், துடைத்த டிஷ்யூவைக் குப்பையில் போடாமல் நிறையத் தண்ணீரில் போடுங்கள். அமிலம் இருந்த பாட்டிலில் நேராகத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், முடிந்தவரை வடித்துவிட்டு, மீதியை நிறையத் தண்ணீர் உள்ள பீக்கரில் கவிழ்த்த பிறகு கழுவுங்கள். அசிட்டோன், ஈதர் போன்றவற்றைப் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. அவை நுண்துளை வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும், மூடியவுடன் தராசில் நிறுத்துவிட வேண்டும்.